கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், தலை, கழுத்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் மருத்துவர்களுக்காக நடந்த இரண்டு நாள் பயிலரங்கு பற்றிப் படத்துடன் செய்தி வந்திருந்தது. அறுவை சிகிச்சை நிபுணர்கள், கதிர்வீச்சு நிபுணர்கள், கீமோ நிபுணர்கள் எல்லோரும் கலந்துகொண்டதாகப் போட்டிருந்தீர்கள். படித்துச் சந்தோஷப்பட்டேன். அப்புறம் கலந்துகொண்டவர்கள் யார் யார் என்று இன்னொரு தடவை படித்தேன். பல் மருத்துவர் என்ற சொல்லே இல்லை. நர்ஸ் இல்லை. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் கோவில்பட்டியில் 1994-லிருந்து பல் மருத்துவம் பார்க்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடியில், இரண்டு நாற்காலி போட்ட கிளினிக். தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிற பெண்கள், லாரி டிரைவர்கள், கரிசல் காட்டு விவசாயிகள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று வருவார்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடாத வாயைக் காலையிலிருந்து மதியம் வரை பார்க்காத நாட்கள் உண்டு. இந்திய ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்குத்தான். அந்த வாயை முதலில் திறந்து காட்டுவது புற்றுநோய் மருத்துவமனையில் இல்லை. என்னைப் போன்றவர்களின் நாற்காலியில்தான் காட்டுகிறார்கள். சிகிச்சை எல்லாம் முடிந்து ஊர் திரும்பியபின் பல் வலித்தாலும் இதே நாற்காலிக்குத்தான் வருகிறார்கள்.

2006-ஆம் வருடம் ஐப்பசியில் ஒரு லாரி டிரைவர் வந்தார். வயது 54. கீழ்த்தாடையில் இடப்பக்கக் கடைவாய்ப் பல் ஆடுகிறது, மூன்று ராத்திரியாகத் தூக்கம் இல்லை என்றார். வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, ரத்தம் இளக்குகிற மாத்திரை சாப்பிடுறீங்களா, ஏதாவது ஊசி ஒத்துக்காதா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். வாய் முழுசாகத் திறக்கவில்லை, இரண்டு விரல் நுழைகிற அளவுதான். வலியால் என்று நினைத்தேன். எச்சில் பாகு மாதிரி நூல் நூலாக வந்தது. தண்ணீர் குடிக்காமல் வண்டி ஓட்டுகிறவர் என்று நினைத்தேன். கழுத்துத் தோல் கறுத்துத் தடித்திருந்தது. வெயில் என்று விட்டுவிட்டேன். பல்லைப் பிடுங்கி, பஞ்சு வைத்துக் கடிக்கச் சொல்லி, 150 ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்தேன்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தார். பல் இருந்த குழி மூடவேயில்லை. உள்ளே சாம்பல் நிறத்தில் எலும்பு தெரிந்தது. அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. "அண்ணாச்சி, இதுக்கு முன்னாடி பெரிய வைத்தியம் ஏதாவது பாத்தீங்களா?" என்று கேட்டேன். "நாலு வருஷத்துக்கு முன்னாடி தொண்டையில கட்டின்னு முப்பத்தஞ்சு நாள் கரண்ட் வச்சாங்க டாக்டரம்மா. அது நல்லாயிருச்சே. நீங்க அதைக் கேக்கலையே" என்றார்.

அவர் குறை சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னார்.

கரண்ட் என்று ஊரில் சொல்வது கதிர்வீச்சு சிகிச்சையைத்தான். கதிர் பட்ட தாடை எலும்பில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் மெல்ல மெல்ல அடைபட்டுப் போகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு பல்லைப் பிடுங்கினால் அந்தக் காயத்தை ஆற்ற அந்த எலும்பிடம் சத்து இருக்காது, அப்படியே செத்துப்போகும். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடைக்கு ரத்த ஓட்டம் குறைவு, அதனால் ஆபத்து அதிகம். நாலு வருஷம் ஆனாலும், பதினாலு வருஷம் ஆனாலும் இந்த ஆபத்து போவதில்லை. அவருக்குத் தாடைக்கு அடியில் தோலில் ஓட்டை விழுந்து சீழ் வடிந்தது. எட்டாவது மாதத்தில், இட்லியை மெல்லும்போது தாடை ஒடிந்தது. ஒரு பெரிய மருத்துவமனையில் தாடையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுக் காலிலிருந்து எலும்பு எடுத்து வைத்தார்கள். புற்றுநோயிலிருந்து பிழைத்து வந்தவரின் தாடையை நான் ஒடித்தேன். இதை இத்தனை வருஷமாக வேறு எந்த வார்த்தையிலும் எனக்கு நானே சொல்லிக்கொண்டதில்லை.

கவனித்துப் படிக்க வேண்டிய இடம் இதுதான். இந்த நோயைப் பற்றி எனக்குத் தெரியாமல் இல்லை. பி.டி.எஸ். இறுதியாண்டில் இதற்குக் காரணம் என்ன, தடுப்பது எப்படி என்று ஒரு பக்கம் எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தப் பாடத்தில் இருந்தது ஓர் ஆங்கிலச் சொல். என் எதிரில் உட்கார்ந்திருந்தவரிடம் இருந்தது 'கரண்ட்' என்ற சொல். இரண்டையும் என் தலைக்குள் யாரும் சேர்த்து வைக்கவில்லை. நானும் சேர்க்கவில்லை. பட்டம் வாங்கியபின் அந்த 12 வருடத்தில் நான் போன தொடர்கல்வி வகுப்புகளை எண்ணிப் பார்த்தேன். ஈறு சிகிச்சை, வேர் சிகிச்சைக்கான புதுக் கருவி, பல் வெண்மையாக்குதல், கம்பி கட்டுதல், இம்பிளான்ட். கதிர்வீச்சு முடிந்து வருகிறவரின் வாயைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

ஏன் இல்லை என்பதும் ரகசியம் இல்லை. இம்பிளான்ட் வகுப்பு நடத்தினால் இம்பிளான்ட் விற்கும். விற்கிறவர்களே மண்டபத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் பணம் கொடுத்துவிடுவார்கள். புற்றாக மாறக்கூடிய வெள்ளைத் திட்டு கன்னத்தில் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தால் யார் எதை விற்பது? அதனால் அந்த வகுப்புக்குப் பணம் போட ஆள் இல்லை. அரசும் கல்லூரிகளும்தான் போட வேண்டும்.

டிரைவர் விஷயத்துக்குப் பிறகு ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் பல் பிரிவுக்குக் கடிதம் எழுதி, இரண்டு வாரம் சும்மா உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டேன். கிளினிக்கைப் பூட்டிவிட்டுப் போனேன். அந்த இரண்டு வாரத்தில் கற்றதைப் பத்து மாநாடுகளில் நான் கற்கவில்லை. வெந்நீரில் போட்டால் இளகும் ஒரு பிளாஸ்டிக் வலையை நோயாளியின் முகத்தில் அழுத்தி, அவர் முகத்தைப் போலவே முகமூடி செய்வார்கள். தினமும் அதை மாட்டி, மேசையோடு பூட்டித்தான் கதிர் வைப்பார்கள், தலை அசையக் கூடாது என்று. அந்த முகமூடி செய்யும் முன்பே எல்லோரும் பல் பிரிவுக்கு வர வேண்டும். காப்பாற்ற முடியாத பல்லை அப்போதே எடுத்து, புண் ஆற இரண்டு வாரமாவது இடம் விட்டுத்தான் கதிர் தொடங்குவார்கள். மற்ற பற்களுக்கு அச்செடுத்து, தினமும் ராத்திரி ஃப்ளோரைடு ஜெல் போட்டு மாட்டிக்கொள்ள ஒரு தட்டு செய்து கொடுப்பார்கள். கதிர் பட்டு எச்சில் வற்றினால் பல்லின் கழுத்தைச் சுற்றிச் சொத்தை விழுந்து, பல் முருங்கைக் குச்சி மாதிரி முறியும், அதைத் தடுக்கத்தான் இவ்வளவும்.

அங்கே ஒரு பெரியவர் ஐஸ்கிரீம் குச்சிகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிப் பல்லுக்கு நடுவே வைத்து உட்கார்ந்திருந்தார். போன வாரம் 11 குச்சி, இந்த வாரம் 14 என்று விரலால் காட்டினார். கதிருக்குப் பின் தாடைத் தசை இறுகி வாய் பூட்டிக்கொள்ளாமல் இருக்க அதுதான் பயிற்சி. கதிர் தொடங்கும்போதே ஆரம்பித்தால் பலன், வாய் ஒரு விரலுக்குச் சுருங்கியபின் ஆரம்பித்தால் பெரும்பாடு. செலவு என்று பார்த்தால் பெட்டிக்கடையில் பத்து ரூபாய்கூட ஆகாது. இதை எந்த ஊர்ப் பல் மருத்துவரும், எந்த ஃபிசியோதெரபிஸ்டும் சொல்லிக்கொடுக்கலாம். எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை, நான் உட்பட.

திரும்பி வந்ததும் ஓ.பி. சீட்டில் சுகர், பிரஷருக்கு அடுத்து ஒரு வரி சேர்த்து அச்சடித்தேன்: "கழுத்து, முகம், வாயில் எப்போதாவது கரண்ட் வைத்ததுண்டா?" கதிரியக்கம் என்று போட்டால் யாருக்கும் புரியாது. ரேடியேஷன் என்றால் பாதிப் பேருக்குப் புரியும். கரண்ட் என்றால் எல்லோருக்கும் புரிகிறது. 2007-லிருந்து இன்றுவரை அந்த வரிக்கு 'ஆம்' என்று சொன்னவர்கள் 43 பேர். அவர்களில் 29 பேர் பல்லைப் பிடுங்கத்தான் வந்தார்கள். பெரும்பாலானோருக்கு வேர் சிகிச்சை செய்து, மேலே உள்ள பல்லை ஈறு மட்டத்துக்கு வெட்டிவிட்டு, வேரை உள்ளேயே விட்டுவிட்டேன். பிடுங்கியே ஆக வேண்டியவர்களை, அந்தப் பல் இருக்கும் இடத்தில் எவ்வளவு கதிர் விழுந்தது என்று சிகிச்சை தந்த மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் தொட்டேன். பலரிடம் டிஸ்சார்ஜ் சீட்டுகூட இல்லை. சிலர் ரேஷன் கார்டோடு சேர்த்து பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார்கள், எனக்கு அவர்களைக் கும்பிடத் தோன்றியது.

ஒரு தடவை படித்தால் போதும் என்றும் சொல்ல முடியாது. நாங்கள் படித்த காலத்தில், கதிர் பட்ட தாடையில் பல் எடுக்கும் முன்னும் பின்னும் நோயாளியை அழுத்த அறையில் உட்காரவைத்து ஆக்சிஜன் கொடுத்தால் எலும்பு பிழைக்கும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். முன்னால் 20 தடவை, பின்னால் 10 தடவை. 1985-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வை வைத்துச் சொன்னது. 2019-இல் பிரிட்டனில் இதையே ஒழுங்காகச் சோதித்து வெளியிட்டார்கள். எல்லோருக்கும் ஆன்டிபயாடிக்கும் வாய் கொப்பளிக்கும் மருந்தும் கொடுத்து, பாதிப் பேருக்கு மட்டும் ஆக்சிஜன் அறை. ஆறு மாதத்தில் எலும்பு செத்தவர்கள், ஆக்சிஜன் பெற்றவர்களில் 6.4 சதவீதம், பெறாதவர்களில் 5.7 சதவீதம். ஆக்சிஜனால் தடுக்க முடியவில்லை என்று அர்த்தம். இது வந்து இரண்டு வருடம் கழித்தும், 2021-இல் ஒரு பல் மருத்துவ நண்பர் தன் நோயாளியைச் சென்னையில் ஒரு மாதம் தங்கி இதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்தக் குடும்பம் அதற்காக ஆட்டுக்குட்டிகளை விற்கப் போனது. நண்பர் கெட்டவர் இல்லை, 1998-இல் படித்ததை நம்பினார், அவ்வளவுதான். நான் அந்த ஆய்வை அனுப்பினேன், படித்துவிட்டு அன்றைக்கே நோயாளி வீட்டுக்கு போன் போட்டார்.

இன்னொன்று. 2017-இல் எங்கள் ஊர் பூக்கடைக்காரர் ஒருவருக்கு நாக்கு ஓரத்தில் சின்னப் புற்றுப்புண். நான்தான் சதை டெஸ்ட் எடுத்து அனுப்பினேன். போன இடத்தில் நாக்கில் ஒரு பகுதியோடு கழுத்திலும் நெறி, அதாவது நிணநீர் முடிச்சுகளை, எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் பயந்து ஊருக்கு வந்து, தெரிந்த டாக்டரிடம் கேட்க, "கழுத்தில் கையில் தட்டுப்படுகிற மாதிரி ஒன்றுமே இல்லையே, எதற்கு அறுக்கணும்? வந்தால் பார்த்துக்கலாம்" என்று அவர் சொல்லிவிட்டார். இருபது வருடத்துக்கு முன் அது தப்பான பேச்சும் இல்லை, பெரிய பெரிய நிபுணர்களே இரண்டு கட்சியாக இருந்த விஷயம். அதைத் தீர்த்து வைத்தது நம் நாட்டு ஆய்வுதான். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2015-இல் வெளியிட்டது. கழுத்தில் கட்டி தட்டுப்படாத, ஆரம்பநிலை வாய்ப் புற்றுநோயாளிகளில் பாதிப் பேருக்கு முதல் ஆபரேஷனிலேயே கழுத்து நெறிகளை எடுத்தார்கள். மீதிப் பேருக்குக் கட்டி வந்தபின் எடுத்தார்கள். மூன்று வருட முடிவில் முதல் பிரிவில் 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், இரண்டாம் பிரிவில் 67.5 சதவீதம். உலகம் முழுக்க மருத்துவர்கள் எடுத்துக் காட்டுகிற ஆய்வு. மும்பையிலிருந்து உலகத்துக்கெல்லாம் போன செய்தி கோவில்பட்டிக்கு வந்து சேரவில்லை. பூக்கடைக்காரரிடம் நான் அந்தக் கணக்கைத் தமிழில், பூ முழக் கணக்கு மாதிரி, நூற்றுக்கு இத்தனை பேர் என்று சொன்னேன். மறுநாளே பஸ் ஏறினார். இப்போதும் கடையில் உட்கார்ந்து மல்லிகை கட்டுகிறார்.

முதல் நாளில் கண்டுபிடிப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் பாதிதான். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த ஓர் அம்மா, வலது கன்னத்தின் உள்பக்கம் புண்ணோடு வந்தார். வெற்றிலையை அடக்கி வைக்கிற அதே இடம். என்னிடம் வருவதற்கு முன் நாலு மாதம் ஓடியிருந்தது. மருந்துக்கடையில் களிம்பு. ஒரு டாக்டரிடம் பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை, சூடு என்று சொல்லி. ஒரு பல் மருத்துவர் பல்லின் கூர்முனையை ராவிவிட்டிருக்கிறார். ராவியதில் தப்பில்லை. பல் குத்துவதால் வந்த புண் என்றால் ராவினால் ஆறிவிடும். ஆனால் "இரண்டு வாரம் கழித்துக் கட்டாயம் வாங்க, ஆறலைன்னா சதை எடுத்துப் பார்க்கணும்" என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியம் இல்லாததால் நாலு மாதம் போனது. புண் ஆழமாகிக் கழுத்தில் நெறி கட்டியபின்தான் வந்தார்.

ஆழம் என்று சும்மா சொல்லவில்லை. 2018-லிருந்து நடைமுறைக்கு வந்த நிலை வகைப்பாட்டில், வாய்ப் புற்றுநோய் எவ்வளவு அகலம் என்பதோடு எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்பதும் சேர்ந்துதான் நிலையைச் சொல்கிறது. 5 மில்லிமீட்டர் ஒரு கோடு, 10 மில்லிமீட்டர் இன்னொரு கோடு. அதனால்தான் கிளினிக்கில் வைத்து, நல்லது செய்வதாக நினைத்து, புண்ணை முழுசாகச் சுரண்டி எடுத்துவிடக் கூடாது. லேசர் வைத்துப் பொசுக்கிவிடவும் கூடாது. பின்னால் ஆபரேஷன் செய்பவருக்கு எங்கே தொடங்கியது, எவ்வளவு ஆழம் என்ற அடையாளமே இருக்காது. ஓரத்திலிருந்து ஒரு துண்டு போதும். அந்தத் துண்டை ஃபார்மலினில் போட வேண்டும், ஸ்பிரிட்டிலோ குளுக்கோஸ் தண்ணீரிலோ போட்டால் ஆய்வகத்தில் சரியாகப் பார்க்க முடியாமல் போகலாம். இதெல்லாம் ஒரு மணி நேரத்தில் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கக்கூடியவை.

வாயைப் பார்ப்பதற்கு டாக்டர்தான் வேண்டும் என்பதும் இல்லை. பக்கத்துத் திருவனந்தபுரத்தில் 1996-இல் தொடங்கி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. மருத்துவம் படிக்காத பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் போய் வாயைப் பார்க்க வைத்தார்கள். 13 பகுதிகளில் 7-இல் பரிசோதனை, மற்ற 6-இல் வழக்கம்போல். 2005-இல் முடிவு வந்தது. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களில், பரிசோதனை நடந்த பகுதிகளில் வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைவு. கருவி என்று இருந்தது டார்ச்சும் பயின்ற கண்ணும்தான். 30 வயதைக் கடந்தவர்களின் வாயைப் பார்க்க வேண்டும் என்பது இப்போது அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. நம் கிராம சுகாதார நர்ஸ்களும், வீடு தேடிப் போகிற பெண் தன்னார்வலர்களும் எத்தனையோ படிவம் நிரப்புகிறார்கள். அவர்களில் பலர் ஒரு வெள்ளைத் திட்டையோ சிவப்புத் திட்டையோ யாரும் நேரில் காட்டிப் பார்த்ததில்லை என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். வழுவழுப்பான தாளில் அச்சடித்த போட்டோவில் பார்த்தது உண்மை வாயில் கண்ணுக்குத் தெரியாது. அதிலும் சிவப்புத் திட்டுத்தான் அதிக ஆபத்து, அதுதான் கண்ணுக்குத் தப்பும்.

கழுத்தில் ஓட்டை வைத்து மூச்சு விடுகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. குரல்வளையை முழுசாக எடுத்தவர்களுக்கு மூக்குக்கும் நுரையீரலுக்கும் தொடர்பே கிடையாது. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு அட்டை வைத்திருப்பார்: "எனக்கு மூக்கு வழியாக மூச்சு இல்லை. ஆக்சிஜனைக் கழுத்தில் வையுங்கள்." ஒரு ராத்திரி நிமோனியா வந்து தூக்கிக்கொண்டு போனபோது, அவசரப் பிரிவில் முகத்தில் மாஸ்க்கை வைத்திருக்கிறார்கள். அவர் மகள்தான் கத்தி மாற்ற வைத்தார். பிரிட்டனில் இப்படிப்பட்டவர்களின் கட்டில் தலைமாட்டில் சிவப்பு அட்டை மாட்டும் வழக்கத்தைக் கொண்டுவந்து, நர்ஸ்களுக்கும் டாக்டர்களுக்கும் பயிற்சி தருகிறார்கள். நம் 108 ஊழியர்களுக்கும் அவசரப் பிரிவு நர்ஸ்களுக்கும் இது அரை மணி நேர வகுப்பு. அந்த ஆசிரியரையே அழைத்துவந்து முன்னால் நிறுத்தினால் பத்து நிமிடம் போதும்.

கதிர் நடக்கும்போது வாய் வெந்து, விழுங்க முடியாமல் ஊருக்கு வருகிறவர்களிடம், "ரெண்டு வாரம் நிறுத்திட்டு உடம்பைத் தேத்திக்கிட்டு அப்புறம் போங்க" என்று இரக்கப்பட்டுச் சொல்லும் டாக்டர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். ஏழு வாரத்தில் முடிய வேண்டியதை இடையில் விட்டால், கட்டிக்கு மறுபடி தலையெடுக்க நாள் கொடுத்தது போல ஆகும். வலிக்கு மருந்து கொடுங்கள், உப்பும் ஆப்ப சோடாவும் கலந்த தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள், வேண்டுமென்றால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சி போகட்டும். கதிர் மட்டும் நிற்கக் கூடாது.

டாக்டர்களுக்கு ஐந்து வருடத்தில் 30 மணி நேரம் தொடர்கல்வி என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. பல் மருத்துவர்களுக்கும் புள்ளி சேர்க்கும் ஏற்பாடு உண்டு. நான் கேட்பது புதிதாக ஒரு சட்டத்தை இல்லை. அந்த மணி நேரங்களில் ஆறு மணி நேரத்தை, இந்த மாவட்டங்களில் தொழில் செய்கிற எங்களுக்கு, இந்த ஒரு விஷயத்துக்கு ஒதுக்குங்கள். அதுவும் நட்சத்திர ஓட்டலில் ஸ்லைடு ஓட்டும் வகுப்பாக இருக்கக் கூடாது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில், நோயாளிகள் இருக்கிற இடத்தில் நடக்கட்டும். ஒவ்வொருவரும் பத்து வாயைத் திறந்து பார்க்க வேண்டும், கழுத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும், ஒரு சதை டெஸ்டாவது மேற்பார்வையில் எடுக்க வேண்டும். நர்ஸ்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் தமிழில் நடக்கட்டும். நொய்டாவில் உள்ள, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) புற்றுநோய்த் தடுப்பு ஆராய்ச்சி நிறுவனம் இணையவழியில் டாக்டர்களுக்கும் பல் மருத்துவர்களுக்கும் பரிசோதனைப் பயிற்சி நடத்தியிருக்கிறது, பயனுள்ள முயற்சி. அதன் தமிழ் வடிவம் நம் மருத்துவப் பல்கலைக்கழகத்தால் முடியாத காரியம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கை மூடினால் எங்களில் பலருக்கு வாரத்தின் பெரிய வருமானம் போகும். வெளியூரில் வேலை செய்கிறவர்கள் ஊருக்கு வருகிற நாள் அதுதான். அது எனக்கும் தெரியும், நானும் வாடகை கட்டுகிறேன். அதனால்தான் பக்கத்தில் நடத்துங்கள் என்கிறேன்.

ஒன்பது வருடமாக, மாதத்தின் கடைசி ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு என் கிளினிக்கிலேயே ஒரு சின்ன வகுப்பு நடக்கிறது. சாத்தூர், எட்டயபுரம், கயத்தாறு, விளாத்திகுளம் பக்கமிருந்து பல் மருத்துவர்கள் வருகிறார்கள், எட்டுப் பேரிலிருந்து பதினைந்து பேர் வரை. ஒவ்வொருவரும் அந்த மாதம் சந்தேகப்பட்ட ஒரு புண்ணின் படத்தைக் கொண்டுவர வேண்டும், நோயாளியின் சம்மதத்தோடு. இரண்டு கிராம சுகாதார நர்ஸ்களும் தவறாமல் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் போன ஆனியில் கயத்தாறு பக்கம் ஒரு பாட்டியின் நாக்கடியில் சிவப்புத் திட்டைப் பார்த்து அனுப்பிவைத்தார். ஆரம்பநிலை. சின்ன ஆபரேஷனோடு முடிந்தது, கரண்ட்கூட வேண்டியிருக்கவில்லை. வகுப்பில் அந்த நர்ஸ் எழுந்து நின்று அதைச் சொன்னபோது நாங்கள் எல்லோரும் கை தட்டினோம்.

அந்த டிரைவர் அண்ணாச்சி 2015 வரை இருந்தார், வேறொரு காரணத்தால் காலமானார். கடைசி வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்னிடம்தான் பல் காட்ட வந்தார். வகுப்பு தொடங்கும் யோசனையை அவரிடம்தான் முதலில் சொன்னேன். "என் கதையைச் சொல்லுங்க டாக்டரம்மா, அதுக்கு எதுக்கு என்னைக் கேக்கணும்" என்றார். அதனால்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

பயிலரங்கு நடத்திய மருத்துவர்கள் உங்கள் நாளிதழைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை இரண்டாம் நாளை எங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டியில் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் 60 பேர் உட்காரும் அறை ஒன்று இருக்கிறது. ப்ரொஜெக்டர் உண்டு, ஜெனரேட்டர் உண்டு. மதியச் சாப்பாட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வாயைக் காட்டச் சம்மதித்த பழைய நோயாளிகள் ஒன்பது பேர் இருக்கிறார்கள், தேதி மட்டும் சொன்னால் போதும் என்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு பல் மருத்துவர்,
கோவில்பட்டி.